அச்சோவியக் கலைச்சொற்கள் உணர்த்தும் வரலாறு

கலை வரலாறு பெரும்பாலும் கலைஞர்களின் பெயர்களையும் அவர்தம் படைப்புக்களையும் நிரல்படுத்திக் கூறுவதாகவே அமைந்து வந்துள்ளது. ஒரு கலையிற் பயிலும் சொற்களை ஆதாரமாகக் கொண்டும் அதன் வரலாற்றை ஆராயலாம். ஒரு சொல் எக்காலத்தில் எவரிடையே தோன்றியது, எதனைச் சுட்டியது, எதனைச் சுட்டாது விட்டது என்னும் வினாக்களை எழுப்பும்பொழுது, படைப்புக்களின் பட்டியலில் இடம்பெறாத மாந்தர் பலர் புலப்படுகின்றனர். அச்சோவியக் கலைக்கு இவ்வாய்வு முறை மிகவும் பொருத்தமானது. மரக்கட்டையிலோ செப்புத் தகட்டிலோ கல்லிலோ ஓர் உருவத்தை அமைத்து, அதற்கு மை பூசித் தாளிற் பதித்து, ஒரே படத்தின் பல படிகளைப் பெறும் கலையே ஈண்டு அச்சோவியம் எனப்படுகின்றது.

ஓவியம் ஒருவர் தனித்துச் செய்யத்தக்கது. அச்சோவியமோ நெடுங்காலம் பலர் கூடிச் செய்த தொழிலாக இருந்தது. வரைந்தவர் ஒருவர், செதுக்கியவர் ஒருவர், அச்சிட்டவர் ஒருவர், முதலிட்டு விற்றவர் ஒருவர். இவர்களுள் கலைஞர் எனப்படத்தக்கவர் யார் என்னும் வினா, ஐந்நூறு ஆண்டுகளாக இக்கலையின் சொற்களுக்குள்ளே தொடர்ந்து வந்துள்ளது. ஐரோப்பிய அச்சோவியத்தின் கலைச்சொற்கள் முதலிற் கருவியையும் வினையையும் சுட்டின. பின்னர் தொழிற் பிரிவினையைச் சுட்டின. இறுதியிற் சந்தை மதிப்பைச் சுட்டலாயின. இம்மாற்றத்தை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முறைகள்

அச்சோவிய முறைகள் பல எனினும், மை எங்கே தங்குகின்றது என்னும் அடிப்படையில் அவற்றை நான்காக வகுக்கலாம். முதலாவது மேட்டு முறை. கட்டையில் வேண்டாத பகுதிகள் செதுக்கி நீக்கப்பட, எஞ்சி நிற்கும் மேடுகளில் மை பூசப்படும். மரச்செதுக்கு இவ்வகையினது. இரண்டாவது பள்ள முறை. உலோகத் தகட்டிற் கீறப்பட்ட பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்தெடுத்து, ஈரமாக்கிய தாளை அதன்மீது வைத்து இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தத்துடன் செலுத்துவர். தாள் பள்ளத்தினுள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் இத்தகைய படங்களைச் சுற்றிக் காணப்படும். மூன்றாவது சமதள முறை. இதில் மேடுமில்லை, பள்ளமுமில்லை. எண்ணெய்ப் பசையும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் இயல்பே இதற்கு ஆதாரம். கல்லச்சு இதன்பாற்படும். நான்காவது, பட்டுத்துணி போன்ற வலையினூடாக மையைச் செலுத்தும் முறை.

இந்நான்கும் ஒரே காலத்தில் தோன்றியவையல்ல. மேட்டு முறை சீனத்தில் மிகப் பழைமையானது. துன்ஹுவாங் குகையிற் கிடைத்த வைர சூத்திரச் சுருளின் முகப்பில் மரச்செதுக்குப் படம் ஒன்றுள்ளது. அச்சுருளின் ஆண்டு கி. பி. 868. ஐரோப்பாவில் தாளாலைகள் பெருகிய பின்னரே மரச்செதுக்கு வளர்ந்தது. நூரெம்பேர்க் நகரில் 1390இல் தாளாலை நிறுவப்பட்டது. ஆண்டு பொறிக்கப்பட்ட தொடக்ககால ஐரோப்பிய மரச்செதுக்குகளுட் புகழ்பெற்றதான புனித கிறிஸ்தோப்பர் படம் 1423ஆம் ஆண்டுக்குரியது. சீட்டாட்டத்துக்கான சீட்டுகளும் எளிய மக்கள் சுவரில் ஒட்டி வணங்கிய புனிதர் படங்களும் இக்காலத்தில் மலிவாக விற்கப்பட்டன. அவற்றைச் செய்தோர் தம்மைக் கலைஞர் எனக் கருதியதற்குச் சான்றில்லை.

பட்டறைகளிற் பிறந்த சொற்கள்

பள்ள முறையின் மூலம் அச்சகமன்று, பொற்கொல்லர் பட்டறையே. வெள்ளிப் பாத்திரத்திலும் பொன்னணியிலும் எஃகு உளியாற் கோலம் பொறித்த கைகளே முதன்முதலிற் செப்புத் தகட்டையும் பொறித்தன. ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய செப்புப் பொறிப்பு 1446ஆம் ஆண்டுக்குரிய ஜேர்மானியப் படம். மாட்டின் ஷோன்கவர் பொற்கொல்லரின் மைந்தர். அல்பிரெக்ட் டூரரின் தந்தையாரும் நூரெம்பேர்க்கிற் பொற்கொல்லராகவே வாழ்ந்தவர். டூரர் 1486இல் ஓவியரிடம் பயிலச் செல்லுமுன் தந்தையின் பட்டறையிலேயே தொழில் கற்றார். 1513இலும் 1514இலும் அவர் பொறித்த 'வீரனும் சாவும் பேயும்', 'மெலங்கோலியா', 'படிப்பறையிற் புனித ஜெரோம்' ஆகிய மூன்று தகடுகளிலும் உளியின் கூர்மை எத்துணை நுண்மையை எய்தியுள்ளதெனில், உரோமமும் மரமும் கண்ணாடியூடே வரும் ஒளியும் கோடுகளின் நெருக்கத்தாலேயே வேறுபடுத்தப்பட்டுள்ளன. பொற்கொல்லனின் கைப்பழக்கமின்றி இஃது இயலாது.

அமில அரிப்பு வேறொரு பட்டறையிலிருந்து வந்தது. போர்வீரர் அணியும் கவசங்களில் அலங்காரம் செய்த கொல்லர், இரும்பின் மீது மெழுகுப் பூச்சிட்டு, அதனைக் கீறி, அமிலத்தால் அரிக்கச் செய்தனர். ஓக்ஸ்பேர்க் நகரத்து டானியல் ஹொப்பர் 1500ஆம் ஆண்டளவில் இம்முறையை அச்சோவியத்துக்குப் பயன்படுத்தினார். ஆண்டு பொறித்த முதல் அரிப்புப் படம் சுவிற்சர்லாந்தினரான ஊர்ஸ் கிராப் 1513இற் செய்தது. இம்முறைக்கு வழங்கும் பெயர்கள் கருதத்தக்கன. ஜேர்மன் சொல் 'உண்ணச் செய்தல்' என்னும் பொருளுடையது. அதனோடு உறவுடைய ஒல்லாந்துச் சொல்லே ஆங்கிலத்திற் புகுந்தது. பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளிலோ இதன் பெயர் 'வன்மையான நீர்' என்பதாகும். அமிலத்தின் பெயரே கலையின் பெயராயிற்று. ஒரு மொழி வினையை நோக்கிற்று. மற்றொன்று பொருளை நோக்கிற்று. இரண்டிலும் கலைஞரின் பெருமை குறித்த குறிப்பெதுவும் இல்லை.

உளியைத் தள்ளிச் செதுக்குவதற்குப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். மெழுகில் ஊசியாற் கீறுவதற்கோ ஓவியனின் கையே போதும். இவ்வேறுபாடு பெரியதொரு விளைவை உண்டாக்கிற்று. செதுக்குத் தொழில் கற்காத ஓவியர்கள் தாமே நேராகத் தகட்டில் வரையலாயினர். றெம்பிரான்ட் ஏறத்தாழ முந்நூறு அரிப்புப் படங்களைச் செய்தார். தகட்டைத் திருத்தித் திருத்தி மீளவும் அச்சிட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனி நிலையாக விட்டுச்சென்றார். 'நிலை' என்பது இன்றும் இக்கலையில் ஒரு கலைச்சொல். தகட்டில் மாற்றம் செய்யப்பட்ட ஒவ்வொரு கட்டமும் ஒரு நிலையாக எண்ணப்படும். ஊசியால் நேரே செம்பைக் கீறும் உலர்முனைக் கீறலையும் அவர் பெரிதும் கையாண்டார். கீறலின் இருமருங்கும் எழும் உலோகப் பிசிறு மையைப் பற்றி, வெல்வெற் போன்ற கருமையைத் தரும். எனினும் அப்பிசிறு மென்மையானது. சில பத்துப் படிகள் எடுப்பதற்குள் அழுந்தித் தேய்ந்துவிடும். இச்செய்தி பின்னர் நாம் ஆராயவிருக்கும் ஒரு வினாவுக்கு இன்றியமையாதது.

கோடுகளாலன்றி நிழலாலேயே படம் அமைக்கும் வேட்கை 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. லுட்விக் வொன் சீகன் என்பார் 1642இல் வெளியிட்ட உருவப்படம் இதன் தொடக்கமாகும். பற்களுடைய வளைந்த கருவியொன்றை அசைத்து அசைத்துத் தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கினால், அது முழுக் கருமையாக அச்சாகும். பின்னர் வெளிச்சம் வேண்டிய இடங்களைச் சுரண்டி மெருகிடுவர். இருளிலிருந்து ஒளியை நோக்கிச் செல்லும் முறையிது. இத்தாலியச் சொல்லான 'மெசோடின்ற்', அரை நிறம் என்னும் பொருளது. பார்ப்பவன் காண்பதை அது கூறுகின்றது. பிரெஞ்சுக்காரர் இதனைக் 'கரிய முறை' என்றனர். தகட்டின் தொடக்க நிலையை அது கூறுகின்றது. ஜேர்மானியர் 'சுரண்டற் கலை' என்றனர். தொழிலாளியின் கை செய்வதை அது கூறுகின்றது. ஒரு செயலை மூவேறு இடங்களில் நின்று நோக்கிய மூன்று பெயர்கள் இவை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே பிரபுக்களின் உருவப்படங்களைப் பெருக்குவதற்கு இம்முறை மிகுதியும் கையாளப்பட்டமையால், 'ஆங்கில முறை' என்ற நான்காவது பெயரும் பிரான்சில் வழங்கலாயிற்று.

நீர்வண்ண ஓவியத்தின் மெல்லிய சாயலை அச்சிற் கொணர்வதற்கு அக்குவாடின்ற் முறை பயன்பட்டது. குங்கிலியத் தூளைத் தகட்டில் தூவிச் சூடேற்றி ஒட்டச் செய்து, துகள்களுக்கிடையே அமிலம் அரிக்கும்படி விடுவர். பிரான்சில் லெ பிரின்ஸ் என்பார் 1760களில் இதனைச் செம்மைப்படுத்தினார். ஸ்பானிய ஓவியர் கோயா 1799இல் வெளியிட்ட 'கப்ரிச்சோஸ்' என்னும் எண்பது படங்களின் அச்சுறுத்தும் இருள் இம்முறையால் விளைந்ததே. நெப்போலியனின் படையெடுப்புக் காலக் கொடுமைகளை அவர் பதிவுசெய்த 'போரின் பேரழிவுகள்' அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை. அவர் 1828இல் மறைந்தார். படங்கள் 1863இலேயே நூலுருப் பெற்றன. தகடுகள் காத்திருந்தன என்பதே அச்சோவியத்தின் தனித்தன்மையைக் காட்டும்.

படத்தின் அடியிற் காணும் வினைச்சொற்கள்

16ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரையுள்ள ஐரோப்பிய அச்சோவியங்களின் அடிவிளிம்பை உற்றுநோக்கின், சுருங்கிய வடிவிற் சில இலத்தீன் சொற்கள் காணப்படும். 'இன்வேனிற்' என்பது கற்பித்தான் எனப் பொருள்படும். 'பிங்சிற்' எனின் வண்ணம் தீட்டினான். 'டெலினியாவிற்' எனின் வரைந்தான். 'ஸ்கல்ப்சிற்' எனின் செதுக்கினான். 'ஃபேசிற்' எனின் செய்தான். 'எக்ஸ்கூடிற்' என்பது வெளியீட்டாளரின் பெயரையடுத்து வரும். இவையனைத்தும் இறந்தகால வினைமுற்றுக்கள். யார் என்ன செய்தார் என்பதை வேறுபாடு காட்டாது அருகருகே கூறுவன. ஓவியரின் பெயர் இடப்புறமும் செதுக்கியவரின் பெயர் வலப்புறமும் அமைதல் பெருவழக்கு. ஒரு பண்டத்தின் உற்பத்தியிலே பங்குகொண்டோர் பெயரெல்லாம் அப்பண்டத்திலேயே பொறிக்கப்பட்டமை தொழில் வரலாற்றில் அரிதாகக் காணப்படும் நேர்மையாகும்.

எனினும் இச்சொற்களுள் ஒன்று சற்று ஐயத்துக்குரியது. 'எக்ஸ்கூடிற்' என்பதன் நேர்ப்பொருள் அடித்து உருவாக்கினான் என்பது. அது கொல்லனின் வினை. வெளியீட்டாளரோ பெரும்பாலும் சம்மட்டியையோ உளியையோ தொடாதவர், தகட்டின் உடைமையாளர். தகடு யாருடையதோ அவரே படிகளிலிருந்து வரும் இலாபத்துக்கும் உரியவர். உடைமையை உழைப்பின் சொல்லாற் குறித்த இவ்வழக்கு, பின்னாளில் நிகழவிருந்தவற்றுக்கு ஒரு முன்னறிகுறி எனலாம்.

மேலும், பெயர் பெறும் வாய்ப்பு எல்லோர்க்கும் கிட்டவில்லை. மரச்செதுக்கிற் கட்டை வெட்டுவோர் நெடுங்காலம் பெயரற்றவராகவே இருந்தனர். 1493இல் நூரெம்பேர்க்கில் அன்ரன் கோபேர்கர் அச்சிட்ட 'உலக வரலாறு' 1,800க்கு மேற்பட்ட படங்களையுடையது. அவை 645 கட்டைகளிலிருந்து பெறப்பட்டன. ஒரே கட்டை வெவ்வேறு நகரங்களின் காட்சியாக மீண்டும் மீண்டும் பதிக்கப்பட்டது. அக்கட்டைகளை வெட்டியோர் பெயர் அந்நூலில் இல்லை. பேரரசர் மக்சிமிலியனின் பெருமைக்காக டூரரின் பட்டறை திட்டமிட்ட 'வெற்றி வளைவு' 190க்கு மேற்பட்ட கட்டைகளைக் கொண்டது. அவற்றை வெட்டும் பணியை ஹீரொனிமஸ் அந்திரே என்பார் பொறுப்பேற்றமை ஆய்வாளர் அறிந்ததேயாயினும், உலகம் அதனை டூரரின் படைப்பாகவே அறியும். ஹொல்பைனின் 'சாவின் நடனம்' 1538இல் லியோன் நகரில் வெளிவந்தது. அச்சிறு படங்களின் நுட்பத்துக்குக் காரணரான ஹான்ஸ் லூட்செல்பேர்கர் 1526இலேயே இறந்துவிட்டார். ஒரு படத்தில் அவர் தம் முதலெழுத்துக்களைப் பொறித்திருந்தார்.

யப்பானிலும் இதே பிரிவினை நிலவியது. 1765இன் பின்னர் எடோ நகரிற் செழித்த பல்வண்ண மரச்செதுக்குகளை வரைவோர், வெட்டுவோர், அச்சிடுவோர், வெளியீட்டாளர் என நால்வகையினர் சேர்ந்து உருவாக்கினர். ஒவ்வொருவர்க்கும் தனிப்பெயர் உண்டு. ஹொக்குசாயின் புகழ்பெற்ற பேரலைப் படம் அவர் தாளில் தீட்டிய கோட்டை மட்டுமன்றி, அக்கோட்டின் இருமருங்கும் மரத்தை அகற்றிய கத்தியையும், வண்ணங்கள் பிசகாது பொருந்துமாறு தாளை வைத்த கையையும் சார்ந்து நிற்பது.

நமது பிரதேசமும் இத்தகடுகளிற் பொருளாயிற்று. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்திற் சமயப்பணி புரிந்த பிலிப்பஸ் பால்டேயஸ் பாதிரியார் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட நூலிலே, யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தேவாலயங்களின் காட்சிகள் செப்புத் தகட்டுப் படங்களாக இடம்பெற்றன. தமிழ் எழுத்துக்களும் அந்நூலிற் செப்புத் தகட்டிலேயே பொறிக்கப்பட்டன. அச்சிற் படம் இடவலம் மாறும். ஆதலின் பொறிப்போன் தமிழ் எழுத்துக்கள் ஒவ்வொன்றையும் தலைமாற்றிச் செதுக்கியிருத்தல் வேண்டும். 1792, 1793ஆம் ஆண்டுகளில் தமிழகத்தில் நடமாடிய தோமஸ் டானியலும் அவர் சகோதரர் மகனார் வில்லியமும் 1795க்கும் 1808க்குமிடையே இலண்டனில் வெளியிட்ட 144 அக்குவாடின்ற் படங்களுள் தமிழகக் கோயில்களும் உள. வில்லியத்தின் தம்பி சாமுவேல் டானியல் வரைந்த இலங்கைக் காட்சிகள் பன்னிரண்டு 1808இல் வெளியாயின. அவர் 1811இல் இலங்கையிலேயே காலமானார். குடியேற்ற ஆட்சியாளர் நமது நாட்டைக் கண்டதும் பிறர்க்குக் காட்டியதும் இத்தகடுகளின் வழியேதான் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

நகலெடுப்போன் என்னும் இழிவு

ஓவியங்களைப் பெருக்கிப் பரப்புதலே புகைப்படத்துக்கு முன்னர் பொறிப்பாளரின் தலையாய பணியாக இருந்தது. உரோமாபுரிக்குச் செல்ல இயலாதவர் ரபாயேலை அறிந்தது மார்க்கன்ரோனியோ ரைமொண்டி முதலியோரின் பொறிப்புக்களாலேயே. வண்ணத்தைக் கோடாகவும் புள்ளியாகவும் மாற்றுதல் ஒருவகை மொழிபெயர்ப்பு. ஆயினும் மொழிபெயர்ப்பாளனுக்கு நேரும் அவமதிப்பே பொறிப்பாளனுக்கும் நேர்ந்தது. 1768இல் இலண்டனில் றோயல் அக்கடமி நிறுவப்பட்டபொழுது பொறிப்பாளர் அதன் உறுப்பினராக ஏற்கப்படவில்லை. மறு ஆண்டு அறுவர் துணையுறுப்பினராக மட்டும் சேர்க்கப்பட்டனர். அக்காலத்துத் தலைசிறந்த பொறிப்பாளரான றொபேட் ஸ்ற்றேஞ்ச் 1775இல் நூலொன்று வெளியிட்டு அக்கடமியைக் கண்டித்தார். முழு உறுப்புரிமை 1850களிலேயே கிடைத்தது. அவர்களது தொழில் அழியத் தொடங்கிய காலமும் அதுவே.

அவ்வழிவுக்கு முன்னோடியானது கல்லச்சு. மியூனிக் நகரத்தில் தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழிதேடிய அலோய்ஸ் செனபெல்டர் 1798அளவில் இதனைக் கண்டறிந்தார். சொல்ன்ஹோபன் சுண்ணாம்புக் கல்லின் மீது எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருளையை ஓட்டினால், மை கோட்டில் மட்டுமே ஒட்டும். செதுக்குவார் எவரும் வேண்டியதில்லை. கண்டறிந்தவர் இதனை இரசாயன அச்சு என விளக்கினார். அவரைப் பொறுத்தவரையிற் கல் தற்செயலானது, வேதியியலே சாரம். இங்கிலாந்தில் 1803இல் வெளியான முதற்றொகுதி, கலைஞரின் கையெழுத்து அப்படியே பெருகும் எனப் பொருள்தரும் ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டது. இறுதியில் நிலைத்ததோ கல்லின் பெயரே. பாரிசில் ஒனோரே டோமியே ஏறத்தாழ நாலாயிரம் கல்லச்சுப் படங்களைப் பத்திரிகைகளுக்காக வரைந்தார். மன்னரைப் பெருந்தீனிக்காரராகக் காட்டிய படத்துக்காக 1832இற் சிறை சென்றார். 1834இல் தொழிலாளர் குடியிருப்பிற் படையினர் புரிந்த கொலையை அவர் வரைந்த படம், செய்தியின் வேகத்தில் கலை இயங்கக்கூடும் என்பதை உலகுக்குக் காட்டிற்று.

இதே காலத்தில் மரமும் புத்துயிர் பெற்றது. நியூகாசிலைச் சேர்ந்த தோமஸ் பியூவிக், மரத்தைக் குறுக்கே அறுத்துப் பெற்ற கடினமான கட்டையிற் பொற்கொல்லர் உளியைக் கொண்டு செதுக்கும் முறையை உயர்நிலைக்குக் கொண்டுவந்தார். அவரது விலங்கு நூல் 1790இல் வெளிவந்தது. 1842இல் தொடங்கிய 'இலஸ்றேற்றட் லண்டன் நியூஸ்' இம்முறையைத் தொழிற்சாலைக்குரியதாக்கிற்று. காலப்போக்கில் ஒரு படத்துக்கான கட்டை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் வெவ்வேறு தொழிலாளியிடம் இராமுழுதும் செதுக்கப்பட்டு, விடியலில் திருகாணியால் இணைக்கப்பட்டது. 1880களில் புகைப்படத்தைப் புள்ளிகளாக மாற்றி அச்சிடும் முறை வந்ததும், இத்தொழிலாளரின் தேவை சில பத்தாண்டுகளில் இல்லாதொழிந்தது. அவர்களது நுண்திறனைக் கற்பிப்போரும் கற்போரும் அருகினர்.

'மூலம்' என்னும் சொல்லின் எழுச்சி

பயன்பாடு நீங்கிய பின்னரும் அச்சோவியம் மறையவில்லை. அது தன்னைப் புதிதாக வரையறுத்துக்கொண்டது. அவ்வரையறைக்கான சொல் முன்னரே ஆயத்தமாயிருந்தது. வியன்னாவைச் சேர்ந்த அடம் பார்ச் 1803 முதல் 1821 வரை இருபத்தொரு தொகுதிகளாக வெளியிட்ட அட்டவணைக்கு 'ஓவியப் பொறிப்பாளர்' எனப் பெயரிட்டார். தாமே கற்பித்துத் தாமே பொறித்தவரைப் பிறர் ஓவியத்தைப் பொறித்தவரிடமிருந்து பிரிக்கும் சொல் இது. பாரிசில் 1862இல் அரிப்போவியர் சங்கம் தோன்றியது. இலண்டனில் சீமோர் ஹேடன் முதலானோர் 1880இல் நிறுவிய சங்கத்தின் பெயரிலும் ஓவியர் என்னும் சொல் முன்னிறுத்தப்பட்டது. பொறிப்போன் என்ற பழம்பெயருடன் ஓவியன் என்ற உயர்பெயரை இணைத்தாலன்றி மதிப்பில்லை என்ற நிலை இதனாற் புலனாகும்.

மதிப்போடு எண்ணிக்கையும் பிணைக்கப்பட்டது. முற்காலத்தில் நல்ல படிகள் அரியனவாயிருந்தமைக்கு இயற்கையான காரணம் இருந்தது. செம்பு தேயும், உலர்முனைப் பிசிறு விரைவில் அழியும், முந்திய படியே சிறந்த படி. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் செப்புத் தகட்டின் மேல் மின்முறையால் இரும்புப் படலம் படியவைக்கும் நுட்பம் வந்ததும் அத்தடை நீங்கிற்று. ஒரு தகட்டிலிருந்து ஆயிரக்கணக்கான நற்படிகளை எடுத்தல் சாத்தியமாயிற்று. சரியாக இக்காலத்தையடுத்தே படிகளை எண்ணிட்டு வரையறுத்தல், பென்சிலாற் கையொப்பமிடுதல், அச்சிட்ட பின் தகட்டைக் குறுக்கே கீறி அழித்தல் ஆகிய வழக்கங்கள் வேரூன்றின. இவற்றுக்கு ஒரு முன்னுதாரணமும் உண்டு. 1775இல் வில்லியம் பெய்லி என்னும் படையதிகாரி, றெம்பிரான்டின் 'நூறு கில்டர்' எனப்படும் படத்தின் தேய்ந்த தகட்டைத் திருத்தி, ஏறத்தாழ நூறு படிகள் எடுத்த பின் அதனை நான்கு துண்டுகளாக வெட்டினார். பொருள் பெருகும் ஆற்றல் வளர்ந்த வேளையில் அருமையைச் செயற்கையாகப் படைக்கும் தேவை எழுந்தது. சந்தையின் தர்க்கம் இது. பெருக்குதற்கென்றே பிறந்த கலை, பெருகாமையாற் பெருமைகொள்ளத் தொடங்கிற்று.

1960இல் வியன்னாவிற் கூடிய சர்வதேசக் கலைஞர் மாநாடு 'மூல அச்சோவியம்' என்பதற்கு விதிகளை வகுத்தது. படிகளின் எண்ணிக்கையை நிர்ணயிக்கும் உரிமை கலைஞர்க்கே உரியது. ஒவ்வொரு படியும் கையொப்பமும் எண்ணும் பெறல் வேண்டும் என்பன அவற்றுட் சில. ஐம்பதில் ஐந்தாவது, கலைஞர் படி, விற்பனைக்கு அப்பாற்பட்ட படி என இன்று விளிம்பிற் காணப்படும் குறிகள் இவ்வழி வந்தன. பழைய விளிம்பும் புதிய விளிம்பும் ஒப்புநோக்கத்தக்கன. பழைய விளிம்பில் வரைந்தான், செதுக்கினான், வெளியிட்டான் என மூவர் இருந்தனர். புதிய விளிம்பில் ஒரு கையொப்பமும் ஒரு பின்னமும் உள. அச்சிட்டவர் எங்கே? அதே 1960இல் ஜூன் வெயின் லொஸ் ஏஞ்சலிசில் நிறுவிய டமரின்ட் கல்லச்சுப் பட்டறை, அருகிவந்த அச்சுவல்லுநரைப் பயிற்றுவதையே நோக்கமாகக் கொண்டது. அங்கே அச்சிட்டவரும் தமது முத்திரையைத் தாளிற் பதிப்பர்.

யப்பானிலும் இவ்வரலாறு தன்போக்கில் நிகழ்ந்தது. 1904இல் யமமோட்டோ கனாயே தாமே வரைந்து, தாமே வெட்டி, தாமே அச்சிட்ட 'மீனவன்' படம் ஒரு புதிய இயக்கத்தைத் தோற்றுவித்தது. தனிமனிதனின் படைப்புச் சுதந்திரத்தை வலியுறுத்திய வகையில் அஃது ஒரு விடுதலையே. ஆயினும் வெட்டுவோர்க்கும் அச்சிடுவோர்க்கும் இருந்த இடத்தை அது மறுத்தது.

20ஆம் நூற்றாண்டிற் சொற்கள் நேரடியாகவே சந்தைக்கெனப் புனையப்பட்டன. பட்டுவலை அச்சு விளம்பரப் பலகைகளுக்கும் பயன்பட்டமையால், கலைஞர் செய்வதனை வேறுபடுத்த, 1940ஐ அண்டிய காலத்தில் அமெரிக்காவில் கார்ல் சிக்ரொசர் கிரேக்கமும் இலத்தீனும் கலந்த சாயலில் 'செரிகிராபி' என்ற பெயரை வழங்கினார். முறை ஒன்றே; மாறியது பெயரும் விலையும். கணினியிலிருந்து மையைப் பீச்சி அச்சிடும் முறைக்கு 1991இல் 'சிக்லே' என்னும் பிரெஞ்சுச் சாயற் பெயர் இடப்பட்டதும் இவ்வாறே. அமிலம் அரித்தலை அரித்தல் என்றே கூறிய கவசக் கொல்லனின் சொல்லோடு இவற்றை ஒப்பிடின், வெளிப்படுத்தும் சொல்லுக்கும் மறைக்கும் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

மற்றொரு மரபு

அச்சோவிய வரலாறு இவ்வளவே எனின் அது முழுமையாகாது. படிகளின் பெருக்கத்தையே பலமாகக் கொண்ட மரபும் இடையறாது தொடர்ந்தது. கேத்தே கொல்விட்ஸ் 1893க்கும் 1897க்குமிடையே நெசவாளர் கிளர்ச்சியைக் கல்லச்சிலும் அரிப்பிலும் படைத்தார். முதலாம் உலகப்போரில் மைந்தனை இழந்த அத்தாய், போர்த் துயரைச் சொல்ல 1920களில் மரச்செதுக்கின் முரட்டுக் கோட்டைத் தேர்ந்தார். சீன எழுத்தாளர் லூ சுன் 1931இல் ஷங்காயில் இளைஞர்க்கு மரச்செதுக்கு வகுப்பு நடத்தினார். 1936இற் கொல்விட்ஸின் படத்தொகுதியைப் பதிப்பித்தார். கத்தியும் பலகையும் மையும் இருந்தாற் போதும், அச்சகம் வேண்டியதில்லை. மரச்செதுக்கு பிறந்த நாட்டுக்கு ஐரோப்பா வழியே அது போர்க்குரலாக மீண்டது. வங்கத்தில் 1943ஆம் ஆண்டுப் பஞ்சத்தை வரைந்த சித்தபிரசாத், லினோலியத் தகட்டுச் செதுக்கலைத் தமது முக்கிய ஊடகங்களுள் ஒன்றாகக் கொண்டார். இவர்கள் கேட்ட வினா, எத்தனை படிகளோடு நிறுத்தலாம் என்பதன்று. எத்தனை பேரைச் சென்றடையலாம் என்பதே.

முடிவுரை

இவ்வரலாறு தமிழிற் கலைச்சொல் ஆக்குவோர்க்கும் உரியதொரு செய்தியைக் கொண்டுள்ளது. அச்சோவிய முறைகளுக்கு நாம் பெயரிடும்பொழுது எந்தக் காலத்துச் சொல்லை முன்மாதிரியாகக் கொள்வது? செயலைச் சுட்டும் பட்டறைச் சொற்களையே கொள்ளல் தகும். அதற்கான வளம் தமிழில் உண்டு. கறையான் மரத்தையும் துரு இரும்பையும் தின்பதை நாம் அரித்தல் என்கின்றோம்; ஜேர்மானியர் உண்ணச் செய்தல் என்றதும் இதனையே. கல்லச்சு என்பது தமிழில் வழங்கிவந்த எளிய சொல். பொறித்தல் என்பதோ இலச்சினையோடும் சாசனத்தோடும் வழங்கிய தொன்மையுடையது.

செப்புத் தகட்டில் எழுத்துப் பொறிக்கும் திறனிற் பண்டைத் தமிழ்நாடு எவர்க்கும் பின்தங்கியதன்று. செப்பேடுகள் சிலவற்றின் இறுதியில் அவற்றைப் பொறித்தவரின் பெயர் இடம்பெறுதலைக் கல்வெட்டாய்வாளர் அறிவர். தானம் செய்த மன்னனின் பெயரும், சாசனத்தை யாத்த புலவனின் பெயரும், செம்பிற் செதுக்கிய கைவினைஞனின் பெயரும் ஒரே ஏட்டிலே நின்றன. ஐரோப்பிய அச்சோவியத்தின் அடிவிளிம்பு உரைத்ததும் அத்தகைய உண்மையையே. படைப்பு ஒருவரது எனக் கூறும் கையொப்பத்தின் பின்னே பலரது உழைப்பு உளது. அவ்வுழைப்பைப் பெயரிட்டுக் கூறும் சொற்களைப் பேணுதல் கலை வரலாற்று மாணவரின் கடமையாகும்.